முழுப்பேர்

பாப்பா,

நீ கேட்ட கேள்விக்கு நான் ஒன்பது நாட்களாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா சரின்னுட்டாரு. நீங்க சரின்னு சொன்னாத்தாம்மா கையெழுத்து வைப்பேன்" என்று நீ அனுப்பிய குரல் செய்தியைத் தினமும் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில் காதோடு வைத்துக் கேட்கிறேன், கேட்டுவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ கம்பனிக்கு முடிவு சொல்லியாக வேண்டும். இன்று செவ்வாய். ஆறு மாதப் பயிற்சி அடுத்த மாதம் முடிகிறது, முடிந்த கையோடு பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று நான் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். நீயோ இன்னும் இரண்டு வருடம் என்கிறாய். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான், பிந்தியாவது, எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசையில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உனக்காக வாங்கி வந்தேன். நீ வந்ததும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், மற்றதை நானே நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி, "முழுப்பெயர்." பேனா அங்கேயே நின்றுவிட்டது. நான்கு நாட்களாக அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அந்தச் சொல் நம் இருவருக்கும் நடுவில் பதினாறு வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறது. உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

உனக்கு அப்போது ஏழு வயது. ஹட்டனில் பேச்சுப் போட்டி. கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் போகும் வழியெல்லாம் உன் பேச்சை நான் வரி வரியாக ஒப்புவிக்க வைத்தேன். ஒரு சொல் தடுமாறினாலும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றேன். நீ சலிக்காமல் சொன்னாய். மேடையில் ஏறியதும் நடுவர் ஒருவர் உன்னைப் பார்த்துச் சிரித்து, "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டார். அதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நீ ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெளிவாக, "எனக்கு முழுப்பேர் கெடையாதுங்க சேர். நான் இன்னும் வேலைக்குப் போகல" என்றாய்.

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சாயங்காலம் தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதே "இன்னிக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்றுதான். லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு எது தோன்றும்? மண்டபம் சிரித்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் அது கெட்ட சிரிப்பு இல்லை. அந்த நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாதிப் பேர் நம்மைப் போலத் தோட்டத்து ஆட்கள். நீயும் நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துச் சேர்ந்து சிரித்தாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் தொடையில் கிள்ளினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அன்றிலிருந்து நம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. லயம் என்று சொல்லாதே, குடியிருப்பு என்று சொல். கெடையாது என்று சொல்லாதே, இல்லை என்று சொல். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறார்களே, அந்தப் பெரட்டு என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதே. உன் கொப்பிகளில் சிவப்புப் பேனாவால் திருத்தியது போதாதென்று உன் வாயிலும் திருத்தினேன். நீ வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய். தேயிலை ஃபெக்டரிக்குப் போய் அப்பாவோடு பேசினாய். அங்கே அவர் தூள் பிரிக்கிற பகுதியில் மெசின் பார்த்துக்கொண்டே உன்னோடு வாய் ஓயாமல் அரட்டை அடிப்பார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு பாஷை, அவரிடம் ஒரு பாஷை. ஏழு வயதிலேயே உன்னை மொழிபெயர்ப்பாளராக ஆக்கியது நான்தான் போலிருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. நான் ஆசிரியர் கல்லூரிக்குப் போன முதல் வாரம், விடுதியில் காலைக் கூட்டத்துக்கு மணி அடித்தது. நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம், "பெரட்டு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டேன். அவள் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள், அவ்வளவுதான். இரண்டு வருடமும் என் பெயர் "பெரட்டு அக்கா." சாப்பாட்டு வரிசையில், நூலகத்தில், விடைபெறும் விழாவில்கூட. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக என்னிடமிருந்து பிடுங்கி எறிந்தேன். படித்து முடித்த மறு வருடமே நீ பிறந்தாய். எனக்கு இருபத்து மூன்று வயது. என் பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதைத் தவிரப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

நீ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சீனமொழியைப் பாடமாக எடுத்துவிட்டேன் என்று சொன்ன அன்று நான் சமைக்கவில்லை. ஆங்கிலம் எடுத்திருக்கலாமே, உன் கெட்டித்தனத்துக்கு எது கிடைக்காது என்று அப்பாவிடம் புலம்பினேன். பாடசாலையில் ஒருவர், "சீனம் படிச்சு யாருக்கு டீச்சர் கடிதம் எழுதப் போறா?" என்று கேட்டார். நான் சோக் கட்டியைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். ஆனால் விடுமுறையில் நீ வந்தபோது பார்த்தேன். விளக்கம் சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், பாடம் சீனத்தில். மூன்றையும் ஒரே கொப்பியில் மூன்று நிற மையில் எழுதி, ஓரத்தில் மட்டும் தமிழில் உச்சரிப்புக் குறித்து வைத்திருந்தாய். ஒரே எழுத்தை ஏற்றியும் இறக்கியும் வளைத்தும் பஸ்ஸில் நீ சொல்லிப் பழகியபோது கொண்டக்டர் கிட்டே வந்து, "தங்கச்சிக்கு வயித்து வலிங்களா? வேணும்னா இங்கயே எறக்கி விடவா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? பஸ்ஸே உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ வெட்கப்படவில்லை. "இல்லீங்கண்ணே, பாடம்" என்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்.

அதே விடுமுறையில்தான் அப்பாவின் ஃபெக்டரியில் இருந்த அந்தப் புது மெசினைப் பார்க்கப் போனாய். தேயிலைத் தூளிலிருந்து குச்சியையும் நாரையும் கமராவால் பார்த்துப் பிரிக்கிற மெசின். கூடவே வந்த தமிழ் வழிகாட்டித் தாளை யாரோ கணினியில் போட்டு மொழிபெயர்த்து எடுத்திருந்தார்கள். "இயந்திரத்துக்கு உணவை மெதுவாக ஊட்டவும். தினமும் அதன் வாயைக் கழுவவும்." அப்பாவின் ஆட்கள் அதைத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டுப் படிப்பார்களாம். நீ மெசினின் பக்கவாட்டுத் தகட்டில் இருந்த சீன எழுத்துகளைச் சத்தமாக வாசித்தாய். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள் என்று அப்பா வந்து சொன்னார். அந்தத் தகட்டில் இருந்த முகவரிக்குத்தான் நீயாகவே கடிதம் எழுதினாய். உங்கள் தமிழ்த் தாள் பிழை, நான் சரியாக எழுதித் தருகிறேன், என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாய். சீனம் படித்து யாருக்குக் கடிதம் எழுதப் போகிறாள் என்று கேட்டவருக்கு இப்போது பதில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து உன்னைத் தூரமாக அனுப்ப நான் படாத பாடு பட்டேன். நீ தோட்டத்து மெசினைப் பிடித்துக்கொண்டே சீனாவில் அந்தக் கம்பனி இருக்கும் ஹெஃபெய் வரைக்கும் போய்விட்டாய்.

கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது இன்னொரு பிழை வெளியே வந்தது, அதுவும் என்னுடையது. உன் பிறப்புப் பதிவில் மாலினி "மாலனி" ஆகியிருந்தது. பதிவு செய்த அன்று அந்த அதிகாரி சிங்களத்தில் வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. படித்த பெண், மறுபடி கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலைத் திருத்த நீ எத்தனை முறை லீவு போட்டு வந்து அலுவலக வாசலில் நின்றாய். அதனால் சொல்கிறேன், அங்கே புரியாத இடத்தில் தலையாட்டாதே. நூறு முறை வேண்டுமானாலும் கேள். அப்பாவைப் பார், ஒரு திருகாணி எதற்கு என்று தெரியாவிட்டால் தெரியும்வரை யாரையும் விடமாட்டார். அந்தக் குணம் உனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. என்னிடமிருந்து வந்தது உன் கையெழுத்து மட்டும்தான்.

விமான நிலையத்தில் நான் உனக்குச் சொன்ன கடைசிப் புத்திமதியை நினைத்தால் இப்போது கூசுகிறது. எந்த ஊர் என்று கேட்டால் நுவரெலியா என்று மட்டும் சொல், தோட்டம் என்று சொல்லாதே என்றேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாய். அப்பா சொன்னதுதான் உருப்படியானது. "பயிற்சின்னா அரைப்பேரு பாப்பா. அரைப்பேரப் போட்டுட்டு முழு வேலை வாங்குவாங்க, பாத்துக்க." நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அதற்குத்தான் சிரித்தாய்.

போன பிறகு தெரிந்தது, உன் சீனப் பெயரில் நீ எதைச் செய்து வைத்திருக்கிறாய் என்று. அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும். நமக்கு அப்பாவின் பெயரைத் தவிர அப்படி ஒன்று இல்லை. உன் சீனமொழி ஆசிரியை ஒரு பட்டியலைக் கொடுத்துப் பிடித்ததை எடுத்துக்கொள் என்றாராம். நீ "யே" என்பதை எடுத்தாய். மாலினியின் கடைசியை ஒடித்து "லின்." யே லின். அழகாகத்தான் இருந்தது. யே என்றால் என்ன என்று கேட்டேன். "இலைம்மா" என்றாய். அவ்வளவு பெரிய பட்டியலில் உனக்கு இலைதானா கிடைத்தது என்று எனக்குக் கோபம். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. சந்திக்கிறவர்களிடமெல்லாம் உன் புதுப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீதான் போனில் அவரை நிறுத்தினாய்: "அப்பா, ஏத்திச் சொல்லாதீங்க. ஏத்திச் சொன்னா தாத்தான்னு ஆயிரும். மேலருந்து கீழ விழுற மாதிரி சொல்லுங்க." இப்போது அவர் தலையையும் சேர்த்துக் கீழே ஆட்டித்தான் சொல்கிறார்.

பிறகு அந்தப் போன். நீ போய் ஒரு மாதம் இருக்கும். நீ உற்சாகமாக, "அம்மா, இங்கயும் பெரட்டு இருக்கும்மா. காலையில எட்டரைக்கு எல்லாரும் வரிசையா நிப்போம். பேரு கூப்பிடுவாங்க. தாவ்னு சொல்லணும், வந்துட்டேன்னு அர்த்தம்" என்றாய். என் வாயில் வந்ததை நான் நிறுத்தவில்லை. "பெரட்டுல நிக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றேன். நீ சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிட்டாய். அந்த "சாப்பிட்டீங்களா" எனக்கு இன்னும் செரிக்கவில்லை. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் செய்ததை நானே என் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். உனக்கு அந்தச் சொல்லில் வெட்கம் இல்லை. உலகத்தில் எங்கே ஆட்கள் வேலைக்கு வரிசையில் நின்றாலும் அதற்கு ஒரு பெயர் வேண்டும், உன்னிடம் ஒன்று தயாராக இருந்தது, எடுத்துப் போட்டாய்.

அதன் பிறகுதான் அப்பாவுக்கு அடிக்கடி போன் வரத் தொடங்கியது. நீ புதுத் தாள் எழுதிக்கொண்டிருந்தாய். அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மெசினைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் காட்டி, இதை நாங்க இப்படிச் சொல்லுவோம், அதை அப்படிச் சொல்லுவோம் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் வீட்டிலிருந்து பேசும்போது நான் நடுவில் புகுந்து, குச்சி என்று எழுதாதே, தண்டு என்பதுதான் சரியான தமிழ் என்றேன். நீ கோபிக்கவில்லை. "தண்டுன்னா கீரைத்தண்டும்மா. மெசின்கிட்ட நிக்கிறவங்களுக்குக் குச்சின்னாத்தான் கை அந்தப் பக்கம் போகும்" என்றாய். உன் குரலில் ஓர் ஆசிரியை இருந்தாள். என்னைவிடப் பொறுமையான ஆசிரியை.

போன சனிக்கிழமை அப்பா, "டீச்சரம்மா, கொஞ்சம் ஃபெக்டரி பக்கம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். அந்தப் பகுதிக்குள் நான் போய் வருடங்களாகிறது. பழைய தாளைக் கிழித்துவிட்டு உன் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு மெசினில் கட்டியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு பெண், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதைச் சத்தமாக வாசித்தாள். "பெரட்டு முடிஞ்சு மெசினைப் போடுறதுக்கு முந்தி கண்ணாடியைத் துடைங்க. குச்சி கூட வந்தா வேகத்தைக் கொறைங்க." நான் உன் வாயிலிருந்து பிடுங்கிய சொற்கள் எல்லாம் அச்சில், சீன எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. அந்தப் பெண் திரும்பி என்னிடம், "டீச்சர், இது உங்க மக எழுதினதாங்க? யாரோ பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். இத்தனை வருடமும் நான் எழுதிக்கொடுத்து ஒப்புவிக்க வைத்த பேச்சு ஒன்றைப் பற்றியாவது யாராவது அப்படிச் சொன்னார்களா?

அவள் அடுத்த வரியையும் வாசித்தாள். "நாறு தனியா வரும்." அவள் குரலில் எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. ஆனால் என் கண் நின்றுவிட்டது. நார் என்று சொல்ல வந்த இடத்தில் நீ பெரிய ற போட்டிருக்கிறாய், பாப்பா. நான் பார்த்த இடத்தை அப்பாவும் பார்த்துவிட்டார். "நாறிக்கிட்டுத் தனியா வருமாம். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கணும்போல" என்றார். அந்தப் பெண் தாளை உற்றுப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். என் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹட்டன் மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்புத்தான், பாப்பா. அதே ஆட்கள். இந்த முறை நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லையென்று நினைக்காதே. அங்கே மழையா வெயிலா என்று தினமும் பார்க்கிறேன். நீ தனியாக அறைக்கு நடந்து போகும் பாதையை அப்பாவின் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து, எந்த மூலையில் விளக்கு இருக்காது என்று யோசிக்கிறேன். குளிருக்கு உள்ளே இரண்டு சட்டை போடு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படி. புரியாததை எழுதிக் கேள், கேட்டதற்கு எழுத்தில் பதில் வாங்கு. பிடிக்காவிட்டால் எந்த நிமிடமும் திரும்பி வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம். யாராவது எந்த ஊர் என்று கேட்டால், உனக்கு இஷ்டப்பட்டதைச் சொல். நீ ஏற்கெனவே சொல்லியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். குடும்பப் பெயரையே இலை என்று வைத்துக்கொண்டவள், தோட்டத்தை ஒளித்தா வைத்திருப்பாய்?

இந்தக் கடிதத்தை அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். இந்தக் கடைசிப் பக்கத்தின் பின்பக்கத்தையும் படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பார், அது அந்த விண்ணப்பப் படிவம்தான். கடிதத்துக்குத் தாள் போதவில்லை, அதனால் அதன் பின்னால் எழுதுகிறேன். முழுப்பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவள் நான் இல்லை. நீ ஏழு வயதில் சொன்னாயே, முழுப்பேர் கெடையாது, இன்னும் வேலைக்குப் போகல என்று, அது சரியான பதில். இப்போது போகிறாய். சரி, பாப்பா. கையெழுத்து வை. முழுப்பேர் வாங்கு.

இங்கே ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவர்கள் நம் வாசலைத் தாண்டும்போது அங்கே எட்டரை. இனி அந்த நேரத்தில் நான் தேத்தண்ணியோடு வாசலில் நிற்பேன். யே லின் என்று கூப்பிடுவார்கள். இங்கே கேட்கிற மாதிரிச் சத்தமாக, தாவ் என்று சொல்.

அடுத்த முறை அச்சடிக்கும்போது நாருக்குச் சின்ன ர போட்டுவிடு. மற்றதில் யார் சொன்னாலும் கை வைக்காதே, நான் சொன்னாலும். திருத்த வேண்டியது அது ஒன்றுதான்.

அம்மா